விழா முடிந்த மறுநாள்

காரைக்காலுக்கு வடக்கே, கோட்டுச்சேரிக் கொம்யூனைச் சேர்ந்த வரிச்சிக்குடியும் அதை அடுத்த கிராமங்களும் காவிரியின் கடைமடையில், கடலுக்குச் சமீபத்தில் உள்ளவை. நாற்று நடுகிறவர்களும், வலை வீசுகிறவர்களும், கூலிக்காக எல்லை கடந்து தமிழ்நாட்டுக்குள் போய்த் திரும்புகிறவர்களும் இங்கே அக்கம்பக்கமாக வாழ்கின்றனர். இத்தகைய ஊர்களில் கோயில் உற்சவங்களோடு இன்னொரு வகை விழாவும் வேரூன்றி வருகிறது. ஏப்ரல் 14ந் தேதி டாக்டர் அம்பேத்கரின் பிறந்த நாள். செப்டம்பர் 17ந் தேதி பெரியாரின் பிறந்த நாள். அக்டோபர் 2ந் தேதி காந்தியடிகளின் பிறந்த நாள். டிசம்பர் 25ந் தேதி வெண்மணித் தியாகிகளின் நினைவு நாள். அந்நாட்களில் தெருவில் தோரணம் கட்டுகிறார்கள். படத்துக்கு மாலை சாத்துகிறார்கள். பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வழங்குகிறார்கள். வந்தவர்களுக்கெல்லாம் சோறு போடுகிறார்கள். பிரசங்கிகள் சமூக நீதியைப் பற்றி இரவு வெகு நேரம் வரை பேசுகிறார்கள். சமத்துவம் என்னும் சொல்லை ஒரு காலத்தில் உரக்க உச்சரிக்கவும் அஞ்சிய தெருக்களில் அது ஒலிபெருக்கியில் முழங்குவது மகிழ்ச்சிக்குரிய மாறுதல். அதை நாம் மனப்பூர்வமாக வரவேற்கிறோம்.

ஆனால் விழா முடிந்த மறுநாள் காலையில் ஊர் எப்படி இருக்கிறது என்ற கேள்வியையும் கேட்டாக வேண்டும். தோரணத்தை அவிழ்த்த பிறகு சேரியின் சுடுகாட்டுப் பாதை முன்போல் சேறாகவே கிடக்கிறதா? குடிமனைப் பட்டாவுக்கு எழுதிக் கொடுத்த மனு எந்த மேஜையில் உறங்குகிறது? வயலில் ஆணுக்கொரு கூலி, பெண்ணுக்கொரு கூலி என்ற வழக்கம் மாறியதா? இரவில் ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்டவர்கள், பகலில் ஒரே டீக்கடையில் ஒரே வகைக் கோப்பையில் டீ அருந்துகிறார்களா? இவற்றுக்குப் பதில் சொல்லாத விழா, எவ்வளவு ஆடம்பரமாக நடந்தாலும், பாதி வேலையைத்தான் செய்திருக்கிறது என்பது நமது அபிப்பிராயம்.

இது விஷயத்தில் இரண்டு தவறான கொள்கைகள் உலவுகின்றன. விழாக்களால் ஆவது ஒன்றுமில்லை, சட்டமும் சர்க்காரும் பார்த்துக் கொள்ளட்டும் என்பது ஒன்று. விழா நடத்தியதே போதும், ஜனங்களின் மனம் தானாக மாறும் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் சரித்திரம் பொய்ப்பித்திருக்கிறது. அதற்கு வேறெங்கும் போக வேண்டாம்; ஏப்ரல் 14ந் தேதி எந்தப் பெருமகனாரின் படத்துக்கு மாலை சாத்துகிறோமோ, அவர் நடத்திய கூட்டம் ஒன்றையே பார்ப்போம்.

பம்பாய் மாகாணத்து மஹத் நகரில் சவதார் குளம் என்று ஒரு பொதுக் குளம். பொதுப் பணத்தில் பராமரிக்கப்படும் குளங்கள், கிணறுகள், பள்ளிகள் யாவும் தீண்டப்படாதவர்களுக்கும் திறந்திருக்க வேண்டுமென்று பம்பாய் சட்டசபை 1923ம் வருஷத்தில் தீர்மானம் செய்தது. அதைப் பின்பற்றி மஹத் நகரசபையும் 1924ல் தன் குளத்தை யாவருக்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானித்தது. தீர்மானங்கள் இரண்டும் காகிதத்தில் பத்திரமாக இருந்தன. மூன்று வருஷங்களில் தாழ்த்தப்பட்டவர் ஒருவரும் அந்தக் குளத்தில் நீர் மொள்ள முடியவில்லை. 1927ம் வருஷம் மார்ச் மாதம் 19, 20 தேதிகளில் அந்நகரில் டாக்டர் அம்பேத்கரின் தலைமையில் மகாநாடு கூடிற்று. அங்கும் பிரசங்கங்கள் நடந்தன, தீர்மானங்கள் நிறைவேறின. ஆனால் மகாநாடு அதோடு கலையவில்லை. கூடியிருந்த ஆயிரக்கணக்கானோர் அணிவகுத்துக் குளத்துக்கு நடந்தார்கள், அம்பேத்கர் முதலில் நீரை அள்ளிப் பருகினார், மற்றவர்களும் பருகினார்கள்.

இதன் பயனாக அவர்கள் அடியும் பட்டார்கள். குளம் தீட்டுப்பட்டதென்று சொல்லிச் சாணமும் கோமியமும் கலந்து அதைச் சுத்தி செய்தவர்கள் உண்டு. பொதுக் குளம் அன்று, தங்கள் சொந்தக் குளம் என்று கோர்ட்டுக்குப் போனவர்களும் உண்டு. பத்து வருஷ வழக்குக்குப் பின் 1937ல் பம்பாய் ஹைக்கோர்ட்டு தாழ்த்தப்பட்டவர்களின் பக்கம் தீர்ப்பளித்தது. சட்டசபைத் தீர்மானம் மட்டும் குளத்தைத் திறக்கவில்லை. கூட்டம் மட்டும் கூடியிருந்தாலும் திறந்திராது. கூட்டம் தீர்மானத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தது. பிறகு பத்து வருஷம் அதை விடாமல் பிடித்தது. மஹத் புகட்டும் பாடம் இதுதான்.

நமது தமிழகத்திலும் இதற்குச் சான்று இல்லாமற் போகவில்லை. 1939ம் வருஷம் ஜூலை 8ந் தேதி, மதுரை வக்கீல் வைத்தியநாதையர், கக்கன் முதலிய தாழ்த்தப்பட்ட வகுப்பு நண்பர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் ஆலயத்துக்குள் பிரவேசித்தார். அதற்கு முன் ஆலயப் பிரவேசத்தை ஆதரித்து மதுரையில் பிரசாரக் கூட்டங்கள் பல நடந்திருந்தன. கூட்டத்தில் கை தூக்கியவர்கள் கோயில் வாசல் வரை வருவார்களா என்பதே அப்போதைய கேள்வி. வந்தார்கள். சென்னை சர்க்கார் அதற்குப் பாதுகாப்பாக அதே வருஷத்தில் சட்டம் கொண்டு வந்தது. செயல் முன்னே சென்றது, சட்டம் பின்னே வந்தது. ஆனால் அச்சட்டம் பிரெஞ்சு எல்லைக்குள் செல்லாது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்று மந்திரங்களைத் தன் குறிக்கோளாகக் கொண்ட ஆட்சியின் கீழிருந்த காரைக்காலில், வயல் வரப்புக்கு இப்பால் அந்த உரிமை இல்லை.

அந்தக் காரைக்காலுக்குக் காந்தியடிகளும் வந்திருக்கிறார். 1933ம் வருஷம் நவம்பரில் தொடங்கிய ஹரிஜன யாத்திரையின்போது, 1934 பிப்ரவரியில், அவர் இந்தக் கரையோர ஊர்களின் வழியே சென்றார். அந்த யாத்திரையில் அவர் ஏறத்தாழ ஒன்பது மாதத்தில் 12,500 மைல் சுற்றினார். திரண்ட தொகை சுமார் 8 லட்சம் ரூபாய். தமக்கு அளித்த உபசாரப் பத்திரத்தையே மேடையில் ஏலம் போட்டு நிதியில் சேர்ப்பது அவர் வழக்கம். வரவேற்பு ஆடம்பரத்தில் செலவாகும் ஒவ்வொரு காசும் ஏழையின் கிணற்றுக்குச் சேர வேண்டிய காசு என்ற கண்டிப்பு அவரிடம் இருந்தது. அவர் கையாண்ட முறைகளைப் பற்றி அம்பேத்கருக்கும் அவருக்கும் இருந்த வேற்றுமை உலகறிந்தது; இங்கே அதைத் தீர்த்து வைக்க நாம் புறப்படவில்லை. ஆனால் கூட்டம் என்பது கணக்குக் காட்ட வேண்டிய காரியம் என்பதில் இருவருக்கும் வேற்றுமை இருந்ததாகத் தெரியவில்லை. இன்று ஆளுயரப் படங்களுக்கும் அலங்கார விளக்குகளுக்கும் செலவிடுகிற அன்பர்கள் இதைச் சற்றுச் சிந்திக்க வேண்டுகிறோம்.

இனி, இந்தக் கடைமடைப் பிரதேசத்தின் சொந்தச் சரித்திரத்துக்கு வருவோம். தஞ்சை ஜில்லாவில் பண்ணையாட்களைச் சாட்டையால் அடிப்பதும், சாணத்தைக் கரைத்துக் குடிக்க வைப்பதும் நம் பாட்டன்மார் காலத்து வழக்கங்கள். அவற்றை ஒழித்தது வெறும் அனுதாபம் அன்று. 1940க்குப் பிந்தைய வருஷங்களில் பி. சீனிவாசராவ் முதலிய ஊழியர்கள் சேரி சேரியாகச் சென்று கூட்டம் போட்டார்கள். ஒவ்வொரு கூட்டமும் ஒரு சங்கமாக முடிந்தது. ஒவ்வொரு சங்கமும் ஒரு கோரிக்கையைக் கையில் பிடித்தது. அதன் விளைவாக 1944ல் மன்னார்குடியில் மிராசுதார்களோடு ஒப்பந்தம் ஏற்பட்டது. பின்னர் 1952ல் தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

அப்படியிருந்தும் 1968ம் வருஷம் டிசம்பர் 25ந் தேதி இரவு கீழ்வெண்மணியில் நடந்ததை எழுத இன்றும் பேனா கூசுகிறது. கூலி உயர்வு கேட்டுச் சங்கம் அமைத்த விவசாயத் தொழிலாளரின் சேரியை நிலச்சுவான்தார்களின் ஆட்கள் தாக்கினார்கள். உயிர் தப்ப ஒரு குடிசைக்குள் ஒதுங்கிய பெண்கள், குழந்தைகள், முதியோர் உள்ளிட்ட 44 பேர் அதனுள்ளேயே தீக்கிரையானார்கள். கீழ்க் கோர்ட்டு தண்டித்த நிலச்சுவான்தார்களை 1973ல் ஹைக்கோர்ட்டு விடுதலை செய்தது. செல்வந்தர்கள் தாமே நேரில் நடந்து போய் இக்காரியத்தைச் செய்திருப்பார்களா என்ற ஐயம் அந்தத் தீர்ப்பில் இடம் பெற்றது. சட்டத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள் வெட்கத்தோடு நினைவில் வைத்திருக்க வேண்டிய தீர்ப்பு அது. செல்வமே நிரபராதித்துவத்துக்குச் சாட்சியாகிவிட்டால் ஏழைக்கு நீதிமன்றம் எதற்கு என்று ஜனங்கள் கேட்டதில் வியப்பில்லை.

எனினும் வெண்மணியின் சாம்பல் காற்றோடு போய்விடவில்லை. தஞ்சைப் பிரதேசத்து விவசாயத் தொழிலாளருக்கு நியாயக் கூலிச் சட்டம் 1969ல் வந்தது; குடியிருப்பு மனையைக் குடியிருப்பவருக்கே உரிமையாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1971ல் வந்தது. டிசம்பர் 25ந் தேதிதோறும் ஆயிரக்கணக்கானோர் வெண்மணி நினைவிடத்தில் கூடுகிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு மதிப்பு எதனால்? இறந்தவர்களுக்காக அழுவதோடு நில்லாமல், கூலியையும் நிலத்தையும் பற்றிய கோரிக்கையை வருஷந்தோறும் புதுப்பிக்கிறபடியால்தான்.

வெண்மணிக்குப் பின் அப்பிரதேசத்துக்கு வந்து தங்கிய சர்வோதயத் தம்பதிகள் ஜகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் இன்னொரு வழியில் அதே பாடத்தைக் கற்பித்தார்கள். 1981ல் அவர்கள் லாஃப்டி என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார்கள். பிரார்த்தனை, பாதயாத்திரை, உபவாசம் ஆகியவை அவர்களுடைய கூட்டங்களின் உருவம்; ஆனால் முடிவில் கையில் இருந்தது நிலப் பத்திரம். பதினாயிரத்துக்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களுக்கு நிலம் சேர்ந்தது, அதுவும் பெண்களின் பெயரில். 1990க்குப் பின் கரையோர விளைநிலங்களை இறால் பண்ணைகள் விழுங்கத் தொடங்கிக் குடிநீர்க் கிணறுகள் உப்பாயின. அப்போதும் கிராமக் கூட்டங்களில் எழுந்த முறையீட்டை ஜகந்நாதன் சுப்ரீம் கோர்ட்டு வரை எடுத்துச் சென்றார். கடற்கரை ஒழுங்குமுறை எல்லைக்குள் உள்ள இறால் பண்ணைகளை அகற்ற வேண்டுமென்றும், நாசத்துக்குக் காரணமானவர்களே நஷ்டஈடு கொடுக்க வேண்டுமென்றும் 1996ம் வருஷம் டிசம்பர் 11ந் தேதி அக்கோர்ட்டு தீர்ப்பளித்தது. மணல் திட்டில் உட்கார்ந்து கூடிய ஏழைகளின் கூட்டம் டில்லியில் கேட்டது; அதற்குக் காரணம், அது கோரிக்கையை எழுதி வைத்தது, விடாமல் தொடர்ந்தது.

காரைக்கால் வாசிகளுக்கு இப்பாடம் மற்றவர்களைவிட அதிகமாக வேண்டியிருப்பதற்குத் தனிக் காரணம் ஒன்றுண்டு. பிரெஞ்சு ஆட்சியில் 1880லேயே கொம்யூன்கள் ஏற்பட்டு ஜனங்கள் வோட்டுப் போட்ட பூமி இது. அந்தத் தேர்தல்களில் அடிதடியும் மோசடியும் மலிந்திருந்தது உண்மையே. என்றாலும் ஊர்க் காரியத்தை ஊரார் தேர்ந்தெடுத்தவர்களே கவனிக்க வேண்டும் என்ற கொள்கை இங்கே பழமையானது. 1954ம் வருஷம் நவம்பர் 1ந் தேதி இந்த மண் இந்திய ஆட்சிக்கு வந்தது. பிறகு நடந்தது என்ன? புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் 1968க்குப் பின் அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2006ல்தான் நடந்தது. இடையே 38 வருஷங்கள் கழிந்தன. 2006ல் தேர்ந்தெடுக்கப்பட்ட சபைகளின் காலம் 2011ல் முடிந்தது. அதன் பின் பத்து வருஷங்களுக்கு மேலாகத் தேர்தல் நடைபெறவில்லை. 2021ல் அறிவிக்கப்பட்ட தேர்தலும் நின்றுபோயிற்று.

பஞ்சாயத்தின் ஆயுள் ஐந்து வருஷம், அது முடியுமுன் அடுத்த தேர்தல் நடந்தாக வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 243-இ பிரிவு. தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஜனத்தொகை விகிதப்படியும், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமலும் ஸ்தானங்கள் ஒதுக்க வேண்டும் என்பது 243-டி பிரிவு. தேர்தல் இல்லாமற் போனால் யாருக்கு நஷ்டம்? செல்வாக்குள்ளவன் அதிகாரியின் வீட்டுக் கதவைத் தட்டத் தெரிந்தவன். அவனுக்குப் பஞ்சாயத்து இல்லாவிட்டாலும் குழாய் வரும், சாலை வரும். சேரியிலிருந்து ஒரு பெண் சட்டப்படி நாற்காலியில் அமர்ந்து தன் தெருவின் குறையைச் சொல்ல இருந்த ஒரே இடந்தான் பறிபோகிறது. ஒதுக்கீடு ஏட்டில் இருக்கிறது, நாற்காலி இல்லை. சமூக நீதி விழா மேடைகளில் இந்த அநீதியைப் பற்றி எத்தனை பிரசங்கிகள் பேசினார்கள் என்று கேட்க விரும்புகிறோம்.

தேர்தல் வரட்டும், வராமற் போகட்டும். அதற்காகப் போராடுவது ஒரு கடமை. அதுவரை வரிச்சிக்குடி போன்ற ஊர்களின் விழாக் கூட்டம் ஒரு மன்றத்தின் வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டும் என்பதே நமது யோசனை. அதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை.

முதலாவது, விழாவுக்கு முன்பு விழாக் குழுவினர் தெருத்தெருவாக நடந்து ஊரின் குறைகளை ஒரே காகிதத்தில் எழுதட்டும். எந்தத் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் இல்லை, எந்தக் குடும்பத்துக்கு மனைப்பட்டா இல்லை, மழைக்காலத்தில் சவத்தை எவ்வழியே எடுத்துச் செல்கிறார்கள், எந்தப் பிள்ளை பள்ளியை விட்டு நின்றுவிட்டது என்பவை அதில் வரட்டும். அந்தக் குழுவில் சேரிப் பெண்கள் இருக்க வேண்டும். குறையைச் சுமப்பவர்களே குறையைச் சரியாகச் சொல்ல முடியும். இரண்டாவது, கூட்டத்தில் அந்தக் காகிதத்தை உரக்கப் படித்து, ஊராரின் கையெழுத்தோடு கொம்யூன் ஆபீஸிலும் கலெக்டர் ஆபீஸிலும் கொடுத்து ரசீது வாங்கட்டும். பதில் வராவிட்டால் 2005ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். மூன்றாவது, அடுத்த விழாவில் முதற் பிரசங்கத்துக்கு முன்பாகச் சென்ற வருஷத்துக் காகிதத்தைப் படித்து, எது நடந்தது, எது நடக்கவில்லை என்று கணக்குச் சொல்லட்டும். வரவு செலவுக் கணக்கு வாசிக்கிற நாம் நீதிக் கணக்கை வாசிக்கக் கூடாதா?

நான்காவதாக, சட்டத்தில் உள்ள ஒரு சாதனத்தை ஜனங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். 1989ம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி 1995ல் செய்யப்பட்ட விதிகள், ஒவ்வொரு ஜில்லாவிலும் கண்காணிப்புக் குழு அமைத்து அது மூன்று மாதத்துக்கு ஒரு முறையேனும் கூட வேண்டும் என்கின்றன. வெண்மணி வழக்கு கற்பித்த கசப்பான பாடத்துக்கு ஏற்ப, பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பு உரிமை தரும் திருத்தம் 2016ல் அமலுக்கு வந்தது. இந்தக் குழு எப்போது கூடிற்று, என்ன பேசிற்று என்று கேட்பதற்கு வக்கீல் தேவையில்லை. ஒரு கிராமக் கூட்டமும் ஒரு கடிதமும் போதும். சட்டம் உறங்குகிறது என்று குறை கூறுகிறோம். அதைத் தட்டி எழுப்பும் பொறுப்பு நமக்கும் இருக்கிறது.

சமபந்தி விருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே பந்தியில் உண்பது நல்ல காரியமே. ஆனால் ஊர்த் தெருவில் யாரோ சமைத்த சோற்றைச் சேரியார் வந்து உண்பதால் எந்தக் கட்டும் உடைவதில்லை; கொடுப்பவர் கொடுப்பவராகவும் வாங்குபவர் வாங்குபவராகவுமே இருக்கிறார்கள். சேரியில், சேரிப் பெண்கள் சமைத்த சோற்றை ஊர்ப் பெரியவர்கள் குடும்பத்தோடு வந்து உண்ணும் நாளில்தான் அந்த விருந்துக்குச் சமபந்தி என்ற பெயர் பொருந்தும். இவ்வருஷம் பந்தியை எந்தத் தெருவில் போடுவது என்ற ஒரு கேள்வியே ஊரின் மனத்தை நிறுத்துப் பார்த்துவிடும்.

இப்படியெல்லாம் குறைகளை எழுதிப் படித்தால் ஊர் ஒற்றுமை கெடாதா என்று சில கனவான்கள் கேட்பார்கள். அவர்களுடைய நல்லெண்ணத்தை நாம் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஒருவன் வாய் திறவாமல் இருப்பதால் மட்டுமே நிலைக்கும் ஒற்றுமை, ஒற்றுமையன்று, அது பயம். கடைமடையில் நீர் வராவிட்டால் வரப்பில் நின்று கூவுகிறோமே, அதனால் ஆற்றுக்கும் வயலுக்கும் பகை வந்துவிடுகிறதா? குறையைச் சபையில் சொல்ல இடமிருந்தால் அது சண்டையாக மாறாது. சொல்ல இடமில்லாத ஊரில்தான் கோபம் உள்ளே புகைந்து ஒரு நாள் கூரையில் பற்றுகிறது. இந்தக் கரையிலுள்ளவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

விழாக்களைக் கட்சிகள் தமக்கென்று பங்கு போட்டுக் கொள்வதையும் நாம் கவனித்து வருகிறோம். ஒரு பிறந்த நாளுக்கு ஒரு கொடி, இன்னொரு பிறந்த நாளுக்கு வேறொரு கொடி என்றிருப்பதில் பெருந்தவறில்லை. ஆனால் குறைகளின் காகிதம் ஒன்றாகவே இருக்கட்டும். ஏப்ரலில் படித்ததை அக்டோபரிலும் டிசம்பரிலும் படிக்கட்டும். எந்தக் கொடியின் கீழ் படித்தாலும் சுடுகாட்டுப் பாதை ஒன்றுதானே!

காரைக்கால் பிரதேசத்து வாலிபர்களுக்கு நமது வேண்டுகோள் இதுவே. தோரணம் கட்டுங்கள், மாலை சாத்துங்கள், பாடுங்கள், பேசுங்கள். ஆனால் பந்தலைப் பிரிப்பதற்கு முன்பு ஒரு காகிதத்தை எழுதிக் கையெழுத்திடுங்கள். மறுநாள் காலையில் நாலு பேராகச் சேர்ந்து அதை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்கு நடந்து போங்கள். ஊர்ப் பெரியவர்களும் அவர்களோடு கூட நடப்பார்களென்று நம்புகிறோம்.